பந்தய மிதிவண்டிச் சக்கரத் தேர்வு

பந்தய மிதிவண்டி ஒன்றை வாங்கி, ஓரிரு பந்தயங்களில் ஓடிப் பழகிய இளைஞர் எவரும் முதற்கண் மாற்ற விழைவது அதன் சக்கரங்களையே. அஃது இயல்பே. வண்டியின் சட்டத்தை மாற்றுவது புதுவண்டி வாங்குவதனோடு ஒக்கும். கைப்பிடியையும் இருக்கையையும் மாற்றிய அளவில் விரைவு பெரிதுங் கூடுமென்று கடைக்காரரும் துணிந்து கூறார். சக்கரமோ நொடியிற் கழற்றி மாட்டத்தக்கது. அன்றியும், நடுத்தர விலைக்கு வண்டி செய்து விற்போர் செலவைச் சுருக்கக் கருதும்போது பெரும்பாலும் கைவைப்பது சக்கரத்திலும் டயரிலுமேயாம். ஆதலின் வண்டியோடு வந்த சக்கரத்தை நீக்கி நல்லதொன்றைப் பூட்டினால் பயன் உண்டென்பது பொய்யன்று.

ஆயின், எத்தகைய சக்கரத்தைக் கொள்வது என்னுமிடத்தில் இடர்ப்பாடு தொடங்குகின்றது. எடை குறைந்ததே சிறந்தது என்பார் ஒரு சாரார். ஆழமான விளிம்புடையதே காற்றைப் பிளந்தோடும் என்பார் மற்றொரு சாரார். விலை மிக்கதே வேண்டுமென்பார் பிறிதொரு சாரார். தொழின்முறைக் குழுக்களின் வீரர்க்கு இவ்வழக்குத் தோன்றுவதேயில்லை. மலைக்கொன்றும் சமவெளிக்கொன்றுமாகப் பல இணைகளை அவர்தம் குழு சுமந்து செல்லும். ஊதியங் கருதாது, படிப்பிற்கும் அலுவலுக்கும் இடையே வாரவிடுமுறையிற் பந்தயமோடும் அமெச்சூர் வீரர்க்கு வாய்ப்பது ஓரிணையே. அவ்வோரிணை எல்லாவகைப் பந்தயத்துக்கும் உதவுதல் வேண்டும். அதனைத் தவறாகத் தேர்ந்தால் ஈராண்டுச் சேமிப்பு வீணாகும். சில நிலைகளில் உடலுக்கும் ஊறு நேரும். எனவே எவ்வெவற்றை எம்முறையில் நோக்கித் தேர்தல் வேண்டுமென்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலிற் பெயர்களை வரையறுத்துக்கொள்வது நலம். நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ளது குடம். அதனின்று புறப்படுவன ஆரக்கால்கள். அவற்றின் தலைகளைக் கோத்துச் சூழ்ந்திருப்பது வட்டை. வட்டையின்மேல் ஏற்றுவது இரும்புப் பட்டை. மிதிவண்டிக் கடைகளில் ஹப், ஸ்போக்ஸ் கம்பி, ரிம், டயர் என வழங்குவன முறையே இந்நான்கின் இடத்தில் நிற்பன. குடம், ஆரக்கம்பி, வட்டை என்னும் சொற்களையே யாம் ஆளுவோம். டயர் டயராகவே நிற்க. வட்டைக்குச் சூட்டு என்னும் பழம்பெயரும் உண்டு; பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டியைக் கூறுமிடத்து அது வந்துள்ளது. ஆயினும் பிரேக்குப் பிடித்தலால் உண்டாகும் சூட்டைப் பற்றிப் பின்னர்ப் பேசவேண்டியிருத்தலின், மயக்கந் தவிர்க்க அதனை விலக்கினோம்.

மாட்டுவண்டியில் பாரம் ஆரக்காலின்மேல் நிற்கின்றது. பருத்த மரமாதலின் அழுத்தத்தைத் தாங்குகின்றது. மிதிவண்டியின் கம்பியோ இரண்டு மில்லிமீட்டர்ப் பருமனே உடையது. தனியே நிறுத்தி அழுத்தினால் வளைந்தொழியும். ஆகவே கம்பிகள் யாவற்றையும் முன்னரே இழுத்து இறுக்கி வைக்கின்றனர். பாரம் ஏறியவழி அடிப்பக்கத்துக் கம்பிகளின் இறுக்கம் சிறிது தளர்கின்றது. அத்தளர்ச்சியே பாரத்தை ஏற்பதாக முடிகின்றது. இதனை 1981ஆம் ஆண்டு வெளியிட்ட மிதிவண்டிச் சக்கரம் பற்றிய தம் நூலில் ஜாப்ஸ்ட் பிராண்ட் என்னும் பொறியறிஞர் தெளிவுற விளக்கினார். கம்பிகள் குடத்தினின்று நேரே புறப்படாமல் அதனை ஒட்டிச் சாய்ந்து செல்லும் அமைப்பை 1874இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி புகுத்தினார். பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லப் 1888இல் காற்றடைத்த டயரையும், பிரான்சின் மிஷலின் உடன்பிறந்தார் 1891இல் எளிதிற் கழற்றத்தக்க டயரையும் அளித்தனர். இன்றைய பந்தயச் சக்கரம், பொருள் வேறாயினும், இம்மூவகைக் கருத்துக்களின்மேலேயே இன்றும் ஓடுகின்றது.

நிற்க. 'எல்லாவகைப் பந்தயம்' என்றோமே, அவ்வகைகள் யாவை? சங்கங்கள் பல நிறைந்து, அமெச்சூர்ப் பந்தயம் ஊர்தோறும் நடைபெறும் பிரிட்டனைச் சான்றாகக் கொள்வோம். அந்நாட்டில் சாலையில் கூட்டமாகப் புறப்பட்டோடும் பந்தயம் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. 1942இல் பெர்சி ஸ்டாலார்டு என்பார் தடையை மீறி லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்டன் வரை ஒரு பந்தயம் நடத்தினார். தடுத்த சங்கமும் மீறிய சங்கமும் 1959இல் ஒன்றாயின. இன்று அங்குப் புதிதாக உரிமம் பெறும் வீரர் நான்காம் வகுப்பில் தொடங்கிப் புள்ளிகள் ஈட்டி மேல்வகுப்புக்கு ஏறுகின்றார். அவர் பெரும்பாலும் முதலில் ஓடுவது, போக்குவரத்து நீக்கிய குறுகிய வளையப் பாதையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிச்சுற்றி ஓடும் பந்தயம். ஒவ்வொரு திருப்பத்திலும் தளர்ந்து, மீண்டும் விசையேற்றல் அதன் இயல்பு. அடுத்தது மேடுபள்ளமான நாட்டுச்சாலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடுவது. மூன்றாவது, ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் பத்து மைல், இருபத்தைந்து மைல் ஓட்டம். நான்காவது, இலையுதிர்காலத்தில் நடைபெறும் குன்றேற்றப் பந்தயம். இதற்கு 1944 முதல் நாட்டளவிலான போட்டியும் உண்டு. இந்நான்கும் சக்கரத்தினிடம் வேண்டுவன வெவ்வேறு. குன்றேற்றம் எடைக்குறைவை வேண்டும். கடிகார ஓட்டம் ஆழமான வட்டையை வேண்டும். வளையப் பந்தயம் திருப்பத்தில் நம்பத்தக்க பிடிப்பையும் உறுதியையும் வேண்டும். சாலைப் பந்தயமோ எல்லாவற்றிலும் சிறிது சிறிது வேண்டும்.

எடையை முதலில் எடுத்துக்கொள்வோம், என்னை? கடையில் சக்கரத்தைக் கையில் எடுத்தவுடன் அறியப்படுவது அஃதொன்றே. "சட்டத்தில் இரண்டு பங்கு குறைப்பதும் சக்கரத்தில் ஒரு பங்கு குறைப்பதும் சமம்" என்னும் பழமொழி போன்றதொரு கூற்று வீரரிடையே வழங்குகின்றது. அதன்கண் உண்மை உண்டு. வட்டையின் பொருள் முன்னோக்கிச் செல்வதோடு சுழலவும் செய்வதால், விரைவை ஏற்றும்போது அதற்கு இருமடங்கு ஆற்றல் வேண்டும். எனினும் எத்துணைப் பொருளில் இருமடங்கு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தோர் சிலரே. யாம் கணக்கிட்டோம்.

வீரர், வண்டி, நீர்ப்புட்டி, உடை யாவும் சேர்ந்து 80 கிலோகிராம் என்க. புதுச்சக்கரத்தால் வட்டைப் பகுதியில் மட்டும் 300 கிராம் குறைந்ததாகக் கொள்க, இது பெருங்குறைவே. மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 45 கிலோமீட்டருக்கு ஒருவர் பாய்கின்றார். அவ்விரைவை எய்தவேண்டிய இயக்க ஆற்றல், காற்றை நீக்கி, ஏறத்தாழ 3,470 ஜூல். 300 கிராமின் இருமடங்கான 600 கிராமுக்கு உரிய பங்கு 26 ஜூல். நூற்றுக்கு ஒன்றினுங் குறைவு! வளையப் பந்தயத்தில் நூறுமுறை இவ்வாறு பாய்ந்தாலும் 2,600 ஜூலே மிச்சம். ஒரு மணி நேரத்தில் சராசரி 220 வாட்டு ஆற்றலோடு மிதிக்கும் வீரர் செலவிடுவதோ 7,92,000 ஜூல்.

மலையேறுங்கால் சுழற்சிக்கு வேலையில்லை. 300 கிராம் 300 கிராமே. ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒரு மணி நேரத்தில் ஏறும் வீரர்க்கு 80 கிலோகிராமில் 300 கிராம் குறைந்தால், நேரத்தில் மிஞ்சுவது ஏறத்தாழ 13 நொடி. குன்றேற்றப் பந்தயத்தில் 13 நொடி பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்குள்ள குன்றுகள் பல ஐந்து நிமிடத்தில் ஏறத்தக்கவை, ஆதலின் மிஞ்சுவது ஒரு நொடியளவே. ஒரு நொடியில் முதற்பரிசு கைமாறுவதும் உண்டாதலின், குன்றேறுவதையே தொழிலாகக் கொண்டோர் எடையைக் கருதுக. ஏனையோர் எடையை மூன்றாவது நான்காவது இடத்தில் வைப்பாராக. நீர்ப்புட்டியில் பாதி நீரைக் குறைத்தாலும் ஏறத்தாழ அதே பயன் மலையிற் கிட்டும் என்று ஒரு நண்பர் நகைத்தது கணக்கின்படி சரியே.

இனிக் காற்று. சமநிலத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் தனியே செல்லும் வீரர் செலவிடும் ஆற்றலிற் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகின்றது. காற்றின் தடை விரைவின் இருமடிப் பெருக்கமாகவும், அதனை வெல்லும் ஆற்றல் மும்மடிப் பெருக்கமாகவும் வளரும். அன்றியும், உருளும் சக்கரத்தின் உச்சி தரையை நோக்க வண்டியைப்போல் இருமடங்கு விரைவில் முன்செல்கின்றது. ஆரக்கம்பிகளின் மேற்பாதி காற்றைக் கடைகின்றது. வட்டையை ஆழமாக்கினால் கம்பியின் நீளம் குறையும். வட்டையின் வளைந்த பக்கங்கள் டயரைக் கடந்துவந்த காற்றைச் சிதறவிடாமல் ஒழுங்குபடுத்தும். ஆழமான வட்டைக்குக் காரணம் இதுவேயன்றி அழகன்று.

எவ்வளவு பயன் என்னுமிடத்து விற்போர் கூறும் எண்களை அப்படியே கொள்ளலாகாது. ஒவ்வொருவரும் தத்தமக்கேற்ற விரைவையும் காற்றின் கோணத்தையும் கொண்டு அளந்தனர். வீரரும் வண்டியும் சேர்ந்து எதிர்கொள்ளும் காற்றை வெல்ல 40 கிலோமீட்டர் விரைவில் ஏறத்தாழ 260 வாட்டு வேண்டுமெனின், அத்தடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தால் 5 வாட்டு மிஞ்சும். எடைக்குறைவைப் போலன்றி இந்த 5 வாட்டு, பாயும்போது மட்டுமின்றி ஓடும் நேரமெல்லாம் மிஞ்சுவது. கூட்டத்தினுள் பிறர்பின் மறைந்து ஓடுவோர்க்குக் காற்றின் தடையே பெரிதுங் குறைந்துவிடுதலின் பயனுங் குறையும்; ஆயின் பந்தயத்தை வெல்வோர் என்றேனும் ஒருபொழுது அக்கூட்டத்தினின்று முன்வந்தே தீரவேண்டும்.

ஆழத்தோடு அகலமும் பொருந்தவேண்டும். வட்டையின் புறவகலம் டயரின் அளந்த அகலத்தைப்போல் நூற்றைந்து விழுக்காடேனும் இருத்தல் வேண்டுமென்பது, சிப் நிறுவனத்திலிருந்த ஜாஷ் போர்ட்னர் வகுத்த விதி. வட்டையை விட டயர் புடைத்து நின்றால், டயரைக் கடந்த காற்று மீண்டும் வட்டையைப் பற்றாது விலகிவிடும். ஆழத்தின் பயன் பாழாகும். 28 மி.மீ. டயருக்கு 29 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட புறவகலம் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணை நம்பற்க. அகன்ற வட்டையில் ஏற்றிக் காற்றடித்தால் 28 என்பது 29 ஆகவும் 30 ஆகவும் பருக்கும். அளவுகோலால் அளந்தறிவதே முறை.

அங்ஙனமாயின் இயன்றவரை ஆழமானதைக் கொள்வோமே என்பார்க்கு விடை பக்கக்காற்று. ஆழமான வட்டை கப்பலின் பாய்போன்றது. பக்கத்தினின்று வீசுங் காற்றை ஏற்று, முன்சக்கரத்தைத் திருப்ப முயலும். சீராக வீசுங் காற்றுக்கு வீரர் உடலைச் சாய்த்துப் பழகிக்கொள்வர். விட்டுவிட்டு வீசுவதே கொடிது. வேலியையோ கட்டடத்தையோ கடந்தவுடன் அறைவதுபோல் வரும் காற்றில் முன்சக்கரம் ஓர் அடி விலகினால், கூட்டத்தில் அருகே ஓடுபவரும் உடன் வீழ்வர். நம் நாட்டில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஆடித்திங்களில் மிதிவண்டியில் சென்றோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்கு நிற்கும் காற்றாலைகளே சான்று. எடை மிகக் குறைந்த வீரர்க்கு இவ்விடர் இன்னும் மிகுதி. அச்சத்தாற் கைப்பிடியின் மேற்பகுதியைப் பற்றி நிமிர்ந்து ஓடுவோர், ஆழமான வட்டையால் ஈட்டியதைப்போற் பன்மடங்கு தம் மார்பால் இழந்துவிடுவர். இதனாலேயே முன்வட்டையைப் பின்வட்டையினுஞ் சற்று ஆழங் குறைத்துச் செய்யும் வழக்கம் பரவியுள்ளது. பின்சக்கரம் திசைதிருப்பும் உறுப்பன்றாதலின் ஆழம் தாங்கும். உலக மிதிவண்டிச் சங்கமும் 2026ஆம் ஆண்டு சனவரி முதல் கூட்டமாகப் புறப்படும் சாலைப் பந்தயங்களில் வட்டையின் ஆழம் 65 மி.மீ.க்கு மேற்படலாகாதென விதித்தது. எம் கருத்து, ஓரிணையே உடையார்க்கு 40 முதல் 50 மி.மீ. வரை போதும் என்பது. அதற்குக் கீழே காற்றின் பயன் சுருங்கும்; அதற்கு மேலே ஓடமுடியாத நாட்களின் எண்ணிக்கை பெருகும்.

இதுகாறும் கூறியவற்றினும் மிக்கது டயர். சக்கரத் தேர்வு பற்றிய கட்டுரையில் டயரைப் புகழ்வது முறையோ எனின், முறையே. தரையைத் தொடுவது அஃதொன்றே. டயர் உருளுந்தோறும் நசுங்கி நிமிர்கின்றது. அந்நசுக்கத்தில் இழக்கும் ஆற்றலை உருளல் தடை என்பர். பயிற்சிக்குரிய தடித்த டயரில் இத்தடை எடையின் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்களவும், நல்ல பந்தய டயரில் ஆயிரத்தில் மூன்று பங்களவும் இருக்கக் காணலாம். முற்கூறிய 80 கிலோகிராமுக்கு 40 கிலோமீட்டர் விரைவில் இவ்விரண்டினுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 22 வாட்டு வருகின்றது. வட்டையின் ஆழத்தால் எதிர்நோக்கிய 5 வாட்டு எங்கே, இந்த 22 எங்கே! விலையோ சக்கர விலையில் சிறு பங்கு. வண்டியோடு வந்த பழைய சக்கரத்தில் நல்ல டயரை ஏற்றியவர், விலைமிக்க புதுச்சக்கரத்தில் தடித்த டயரை ஏற்றியவரை முந்துவதில் வியப்பில்லை.

முன்னாளில் 23 மி.மீ. டயரைக் கல்லென இறுக அடித்து ஓடினர். இன்று தொழின்முறை வீரரும் 28, 30 மி.மீ. டயர்களை மேற்கொண்டுள்ளனர். செம்மையற்ற சாலையில் இறுகிய டயர் ஒவ்வொரு பருக்கையிலும் வண்டியையும் வீரரையும் மேலே தூக்குகின்றது. தூக்கும் ஆற்றல் வீரரின் காலினின்றே வருவது. மென்மையாக அடித்த அகன்ற டயர் பருக்கையை விழுங்கிச் செல்லும். ஆகவே புதுச்சக்கரம் வாங்குவோர் அதன் உட்கலத்தின் அகலம் 21 முதல் 25 மி.மீ. வரை இருக்கின்றதா என்றும், தம் சட்டத்தின் கவையிடையே 30 மி.மீ. டயர் உரசாமற் சுழல இடமுண்டா என்றும் முன்னரே பார்ப்பாராக.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய வட்டைகளின் உட்புறத்தில் டயரின் ஓரத்தைப் பற்றும் கொக்கி போன்ற வளைவு உண்டு. அண்மைக்காலத்துக் கார்பன் வட்டைகள் சிலவற்றில் அக்கொக்கி இல்லை. சுவர் நேராக நிற்கும். செய்தற்கு எளிது, மோதலுக்கும் வலிது என்பது செய்வோர் கூற்று. ஆயின் அத்தகைய வட்டையில் காற்றழுத்தம் 5 பாரை, அஃதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 72 பவுண்டை மீறலாகாது. உட்குழாயின்றி ஓடுமாறு செய்து, கொக்கியற்ற வட்டைக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட டயரையே ஏற்றவேண்டும். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு நாட்டுச் சுற்றுப்பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தோமஸ் டி கெண்ட் ஓட்டிய வண்டியின் முன்டயர் வட்டையினின்று கழன்று அவர் வீழ்ந்தார். சாலையிற் கிடந்த கல்லில் மோதியதே முதற்காரணமெனச் சொல்லப்பட்டது. அச்சக்கரம் 25 மி.மீ. உட்கலமுடைய கொக்கியற்ற வட்டை. டயரோ 28 மி.மீ. அத்தகைய சேர்க்கை தகுமா என்னும் வாதம் அதன்பின் வலுத்தது. வழியருகே குழுவண்டியும் மருத்துவரும் நிற்கும் வீரர்க்கே இந்நிலையென்றால், அழுத்தமானி இல்லாத கைப்பம்பால் விரலால் அமுக்கிப் பார்த்துக் காற்றடிக்கும் நம்போல்வார் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! கொக்கியுள்ள வட்டை கிடைக்குமாயின் அமெச்சூர்க்கு அதுவே நன்று என்பது எம் துணிபு. எடை மிகுந்து, அதனால் அழுத்தமும் மிகுத்து அடிக்கவேண்டியவர்க்கு இதில் ஐயமே வேண்டா.

வட்டையின் பொருள் அலுமினியமா, கார்பன் நாரா என்னும் கேள்வி முன்போல் இன்று கடினமன்று. பிரேக்குக் கட்டை வட்டையையே பற்றிய காலத்தில் கார்பன் வட்டைக்கு இரு குறைகள் இருந்தன. மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும். நெடிய மலையிறக்கத்தில் உரசலின் வெப்பத்தால் நாரைப் பிணைத்த பிசின் இளகி, வட்டை புடைத்துக் கெடுவதும் உண்டு. குடத்தருகே தட்டைப் பற்றும் டிஸ்க் பிரேக்கு வந்தபின் இவ்விரண்டும் நீங்கின. உலகச் சங்கமும் 2018 சூலை முதல் சாலைப் பந்தயங்களில் அதனை முறையாக ஏற்றது. ஆகவே டிஸ்க் பிரேக்குடைய வண்டிக்குக் கார்பன் வட்டை தகும். ஆழமாகவும் எடை குறைவாகவும் செய்ய அதுவே ஏற்றது. பழைய முறைப் பிரேக்குடைய வண்டியில் ஓடுவோர், குறிப்பாக ஏற்காடு, கொல்லிமலை போன்ற இறக்கங்களில் இறங்குவோர், 30 மி.மீ. ஆழமுள்ள நல்ல அலுமினிய வட்டையோடு அமைவதே அறிவுடைமை. பள்ளத்தில் மோதினால் அலுமினியம் நெளியும்; நெளிவு கண்ணுக்குத் தெரியும். கார்பன் நார் உள்ளே பிளந்தும் வெளியே ஒன்றுமறியாததுபோல் நிற்கும். பழைய கார்பன் சக்கரத்தை இரண்டாங்கையாக வாங்கக் கருதுவோர் இதனை மறவாதிருக்க.

குடத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். அதனால் விரைவு பெரிதும் மாறுவதில்லை, ஆயின் பொருந்தாவிடில் வாங்கியதே வீண். டிஸ்க் பிரேக்குடைய இன்றைய சாலை வண்டிகளில் அச்சு 12 மி.மீ. பருமன், முன்னே 100, பின்னே 142 மி.மீ. இடைவெளி. பழைய முறைப் பிரேக்குடையனவற்றிற் பின்னிடைவெளி 130 மி.மீ. பற்சக்கர அடுக்கு ஏறும் உருளை ஷிமானோவுக்கு ஒருவகை, ஸ்ராமுக்கு ஒருவகை, கம்பாக்னோலோவுக்கு ஒருவகை; தம் வண்டிக்கு எதுவென்று கேட்டறிந்தே பணங் கொடுக்கவேண்டும். சுழலும்போது எழும் உரத்த 'கிரகிர' ஒலி சிறப்பின் அடையாளமெனச் சிலர் மயங்குவர். அது உள்ளிருக்கும் பற்களின் ஒலியே. குண்டுத்தாங்கிகள் எங்கும் கிடைக்கும் அளவினவா, மழைநீர் புகாதவாறு மூடப்பெற்றனவா என்பதே கேட்கத்தக்கது.

ஆரக்கம்பியின் எண்ணிக்கையில் யாம் பழமையைச் சார்கின்றோம். கம்பி குறையுந்தோறும் காற்றின் கடைவு சிறிது குறையும் என்பது மெய்யே. ஆனால் 16 கம்பிகளுள் ஒன்று அறுந்தால் வட்டை கோணிச் சட்டத்தில் உரசி நின்றுவிடும். 24 கம்பிகளுள் ஒன்று அறுந்தால் தள்ளாடியேனும் வீடு சேரலாம். 75 கிலோகிராமுக்கு உட்பட்ட வீரர்க்கு முன்னும் பின்னும் 24 போதும். மிக்கவர்க்குப் பின்னே 28 நன்று. கம்பியின் தலையில் வளைவுள்ள வழக்கமான வகை எங்கும் கிடைக்கும். நேர்த்தலைக் கம்பி அறுந்தால் அஞ்சலில் வரும்வரை காத்திருக்க நேரும். கம்பியை இறுக்கும் நிப்பிள் வட்டைக்கு வெளியே தெரியவேண்டும். அதனை வட்டைக்குள் மறைத்து வைத்த சக்கரத்தில் கோட்டம் எடுக்க, டயரையும் பட்டியையும் முழுதும் கழற்றியாக வேண்டும். பித்தளை நிப்பிள் அலுமினியத்தினும் சில கிராம் கூடுதல். கடற்காற்றில் அரித்து இறுகிப்போகாமை அதன் சிறப்பு. நம் ஊர்ச் சைக்கிள் கடையில், கவையிடையே சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை வட்டையருகே நிறுத்தி, சாவியைக் கால் திருப்பு அரைத் திருப்பாகத் திருகிக் கோட்டம் எடுக்கும் முதியவர் கையில் ஒப்படைக்கத்தக்க சக்கரமே நமக்குச் சக்கரம்.

எம் விடுதி நண்பர் ஒருவர், உதவிச்சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் விடுமுறையில் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லியும் சேர்த்த தொகையோடு சென்ற திங்கள் எம்மைக் கேட்டார். அவர் 66 கிலோகிராம் எடையினர். டிஸ்க் பிரேக்குடைய வண்டி. கடற்கரைச் சாலையிற் பந்தயமோடுபவர். ஆண்டிற்கு இருமுறை மலைச்சாலைப் போட்டிக்கும் செல்பவர். வண்டியோடு வந்த சக்கரம் 1,900 கிராம். அவர்முன் மூன்று இணைகள் இருந்தன. ஒன்று 30 மி.மீ. ஆழமும் 1,300 கிராம் எடையும் உடையது. ஒன்று 60 மி.மீ. ஆழமும் 1,650 கிராமும். மற்றொன்று 45 மி.மீ. ஆழம், 1,500 கிராம், 23 மி.மீ. உட்கலம், கொக்கியுள்ள வட்டை, முன்னும் பின்னும் 24 வளைதலைக் கம்பி. அவர் உள்ளம் முதலாவதன்பாற் சென்றது. கையில் எடுத்தவுடன் காற்றைப்போல் இருந்ததாம். 200 கிராம் வேறுபாட்டுக்காக மூன்றாவதன் விலையைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்தால் டயருக்குப் பணமில்லை என்பதைக் கணக்கிட்டுக் காட்டினோம். இரண்டாவதைப் பிற்பகலில் கடற்காற்று எழும் சாலையில் ஒருமுறை இரவல் பெற்று ஓட்டி, திரும்பிவந்து தாமே விலக்கினார். மூன்றாவதை வாங்கி, மிஞ்சிய தொகையில் 28 மி.மீ. பந்தய டயர் ஓரிணையும், அழுத்தமானியுள்ள பம்பொன்றும் வாங்கினார். முன்டயரில் 60 பவுண்டும் பின்டயரில் 64 பவுண்டும் அடித்து ஓடுகின்றார். சாலை கரடாயின் இரண்டிலும் மூன்று பவுண்டு குறைக்கின்றார்.

புதுச்சக்கரத்தின் கம்பிகள் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் தத்தம் இருக்கையில் அமர்ந்து சிறிது தளர்தல் இயல்பு. அதன்பின் ஒருமுறை இறுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டால் நெடுநாள் தொல்லையில்லை. நண்பரும் அவ்வாறே செய்தார். வண்டியோடு வந்த பழைய இணையை அவர் விற்கவில்லை. தடித்த டயரோடு அதனை மழைநாளுக்கும் நாள்தோறும் பயிற்சிக்கும் வைத்துக்கொண்டார். இணையை மாற்றும்போதெல்லாம் பின்பிரேக்கின் தட்டு உரசுகின்றதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிச் செவிகொடுத்துக் கேட்டபின்னரே ஏறுகின்றார்.